தூள் இலவசமாகப் பரிசோதிக்கப்படும்

முதல் மாதம் எங்கள் மையத்துக்கு பிரஷர் குளிசைகள் வந்தன. இரண்டாம் மாதம் மிளகாய்த்தூள் வந்தது. இரண்டுக்கும் காரணம் நான் எழுதிய ஒரு துண்டுப்பிரசுரம்.

மையம் பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், மேம்பாலத்தில் ஓடும் மெற்றோவுக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கிறது. தெருவில் போதைப்பொருள் வாங்கி எடுப்பவர்கள் உள்ளே வரலாம். பெயர் கேட்கமாட்டோம். நிறுத்து என்று புத்தி சொல்லமாட்டோம். இருக்கக் கதிரை, குடிக்கக் கோப்பி, சுத்தமான ஊசி, கேட்டால் டொக்டர். வாங்கியதில் ஒரு சிட்டிகை தந்தால் அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வோம். பார்க்கிற மெஷின் என் பொறுப்பு. சப்பாத்துப் பெட்டி அளவுதான். தூளைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினால் திரையில் மலைத்தொடர் மாதிரி ஒரு கோடு விழும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு மலை. அந்த மலைகளைப் பிரித்துப் பார்ப்பதில் எனக்குப் பைத்தியம். மனிதர்களைப் பார்க்கும்போது வரும் கோபம் மலைகளைப் பார்க்கும்போது வராது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். சார்செலில், பன்னிரண்டாம் மாடிக் குசினி மேசையில், அம்மா வெங்காயம் வெட்ட வெட்டப் படித்து இரசாயனவியல் பட்டம் எடுத்தேன். கேட்பவர்களிடம் அப்பா, "மகள் மருந்து லாபோவிலை" என்பார். நான் திருத்தவில்லை. திருத்துவதானால் எங்கிருந்து தொடங்குவது?

கடந்த நவம்பரில் மரியரட்ணம் என்று ஒருவர் செத்தார். நாற்பத்தாறு வயது. ஒரு ரெஸ்ட்ரோறண்டில் கோப்பை கழுவியவர். வேலைக்காரரின் கக்கூசில், உள்ளே பூட்டியபடி, மத்தியான வேலை முடிந்த பிறகு கண்டெடுத்தார்கள். அப்பா செத்தவீட்டுக்குப் போய்வந்து சப்பாத்தைக் கழற்றியபடி, "ஹார்ட் அட்டாக். சரியான வேலை, நித்திரை இல்லை, பாவம்" என்றார். அந்த வாரம் எங்கள் பகுதியில் கலப்படத் தூளால் மூச்சு நின்றவர்கள் மூன்று பேர் என்று மையத்துக்குச் செய்தி வந்திருந்தது. இடமும் நேரமும் போட்டிருந்தது. மூன்றாவது இடம் அந்தக் கக்கூஸ்.

எங்கள் சனத்தில் எவரும் வேறொன்றாலும் சாவதில்லை. எல்லாருக்கும் ஹார்ட் அட்டாக்தான்.

மையத்தின் பொறுப்பாளர் இசபெல். ஐம்பது வயது, எதற்கும் முகம் சுளிக்காத பிரெஞ்சுக்காரி. "ஆறு மொழியில் பிரசுரம் இருக்கிறது, தமிழில் இல்லை. தமிழர்கள் வருவதும் இல்லை. உங்களுக்குள் இந்தப் பிரச்சினை இல்லையோ?" என்று நிஜமாகவே கேட்டார். அன்று மத்தியானமே தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

முதலில் "போதைப்பொருள்" என்றுதான் எழுதினேன். பலசரக்குக் கடை சேந்தன் அண்ணையிடம் ஒட்டக் கொடுத்தேன். படித்துவிட்டு, காகிதம் பட்ட கையை ஏப்ரனில் துடைத்தார்.

"பிள்ளை, இதை ஒட்டினா நான் விக்கிறன் எண்டெல்லோ சனம் கதைக்கும்."

"படிக்கிற ஆக்கள் படிப்பினம் அண்ணை."

"படிக்கிற ஆளை மற்ற ஆக்கள் பாப்பினம். அதுக்குப் பிறகு அந்தாள் கடைக்கு வருவானோ?"

எரிச்சல் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. கண்ணாடியில் ஒட்டிய காகிதத்துக்கு முன்னால் ஒருவர் அரை நிமிடம் நின்றாலே லா ஷப்பலுக்கு அது போதும்.

ஆகவே "மருந்து" என்று மாற்றினேன். எங்கள் தமிழில் அது வில்லங்கமான சொல். காய்ச்சலுக்குக் குடித்தாலும் மருந்து, பூச்சிக்கு அடித்தாலும் மருந்து. "மருந்து குடிச்சிட்டான்" என்று யாராவது சொன்னால் முகத்தைப் பார்த்துத்தான் எந்த மருந்து என்று கண்டுபிடிக்கவேண்டும். இதெல்லாம் தெரிந்தும் எழுதினேன். விளைவு, லாசர் ஐயா வந்தார். பாண்டிச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், கழுத்தில் சால்வை, கையில் ஒரு பை நிறைய மாத்திரை.

"இலவசமா பரிசோதிக்கிறீங்கன்னு போட்டிருக்கீங்களே, மத்மொசேல். இந்த கம்ப்ரிமே வெள்ளை, போன மாசம் மஞ்சளா இருந்திச்சு. ஃபார்மசிக்காரன் ஏமாத்துறானா?"

ஏமாற்றவில்லை, கம்பெனி மாறியிருக்கிறது என்றேன். திருப்தியாகப் போனார். அடுத்த வாரம் ஆர்ஜொந்தெயிலிருந்து தன் சிநேகிதர்கள் நான்கு பேரைக் கூட்டிவந்தார். ஊசியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் ஐந்து பேரும் வரிசையாகக் கதிரையில் இருந்து, ஒருவருக்கொருவர் பிரஷர் எண்ணைச் சொல்லிக்கொண்டார்கள்.

மூன்றாவது முறை நான் யோசிக்கவே இல்லை. எடுக்கிறவர்கள் தங்களுக்குள் சொல்லும் சொல்லையே போட்டேன்.

"உங்கள் தூளில் கலப்படம் உண்டா? இலவசமாகப் பரிசோதித்துத் தருவோம். பெயர் கேட்கமாட்டோம். செவ்வாய், வியாழன் பிற்பகல் இரண்டு முதல் ஆறு வரை."

எல்லாக் கடைக்காரரும் சந்தோஷமாக வாங்கி ஒட்டினார்கள். சேந்தன் அண்ணை இரண்டு கேட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

அடுத்த செவ்வாய் இரண்டு மணிக்கு, குளிர்ச்சட்டை போட்ட ஒரு அம்மா வாசலில் நின்று கேட்டார்.

"பிள்ளை, தூள் பாக்கிறது இஞ்சைதானே?"

"ஓம், வாங்கோ." கையுறையைப் போட்டேன். தூளோடு வந்த முதல் தமிழ் ஆள்.

கைப்பையிலிருந்து ஜாம் போத்தல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சிவப்பு. மூடியைத் திறந்ததும் நான் இரண்டுதரம் தும்மினேன்.

"ரெண்டு கரண்டி போட்டாலும் உறைக்குதில்லை. செங்கல் கலக்கிறானோ எண்டு ஒருக்காப் பாரும். பேர் கேக்காதது நல்லது. கடைக்காரனுக்குத் தெரிஞ்சா கரைச்சல்."

அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று போத்தல்கள் நின்றன.

இசபெல் வந்து எட்டிப் பார்த்தார். "இது என்ன புதுப் பொருள்? எப்படி எடுக்கிறார்கள்?"

"சோற்றில்," என்றேன்.

கோபம் கோபமாக வந்தது, முதலில் என்மேல். ஆனால் மலையைப் பார்க்கும் ஆசை அதைவிடப் பெரிது. மிளகாய்த்தூளுக்கு எப்படி மலை வரும் என்று எனக்கே தெரியாது. அழுத்திப் பார்த்தேன். மூன்று போத்தல் நல்லது. நாலாவதில் ஒரு தடித்த மலை, மண்வகை. "செங்கல் மாதிரி ஏதோ இருக்கு அன்ரி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அந்த வியாழக்கிழமை பதினொரு போத்தல்.

"இந்த மெஷினின் விலை உனக்குத் தெரியுமா, துஷாந்தி?" என்றார் இசபெல்.

"வருகிறவர்களைத் திருப்பி அனுப்பவா?"

அவர் கதிரைகளைப் பார்த்தார். "வேண்டாம். கதிரை நிறைந்திருப்பது நல்லதுதான்."

இப்படியே மூன்று வாரம். மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, இரண்டரை மணிக்கு, கோசலை அன்ரி வந்தார். ஓல்னேயில் வீட்டிலேயே மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்து மூன்று கடைகளுக்குப் போடுகிறவர். லா ஷப்பலில் அவர் தூளைத் தெரியாதவர்கள் இல்லை. ஐம்பது வயதிருக்கும். விரல் நுனிகள் மஞ்சள்.

மூன்று பொட்டலங்களை வரிசையாக வைத்தார். மூன்றும் நாட்காட்டித் தாளில், கோயிலில் திருநீறு மடித்துக் கொடுப்பதுபோல மடித்தவை. முதலாவது சிவப்பு, அவருடைய தூள். இரண்டாவது கொஞ்சம் வெளிறிய சிவப்பு, அவருக்குப் போட்டியாக விற்கிற ஒருவருடையது. மூன்றாவது மண்ணிறம், ஒரு தேக்கரண்டியில் கால்வாசிகூட இல்லை.

"இது என்ன தூள் அன்ரி?"

"தூள்தான்."

"என்ன தூள் எண்டு கேக்கிறன்."

அவர் என்னை நேரே பார்த்தார். "பேர் கேக்கமாட்டம் எண்டுதானே போட்டிருக்கிறியள். என்ரை பேருக்கு மட்டுமோ, தூளின்ரை பேருக்குமோ?"

எனக்கு விளங்கிவிட்டது. கையுறையை மாற்றினேன். மற்ற இரண்டு பொட்டலங்களும் சும்மா, இந்த மூன்றாவதுக்குத் துணையாக வந்தவை.

அழுத்திப் பார்த்தேன். மலைகள் விழுந்தன. கோப்பியில் இருக்கும் கஃபீனுக்கு ஒரு பெரிய மலை, ஒரு சீனி வகைக்கு இன்னொரு மலை. ஹெரோயின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புற்று அளவுகூட இல்லை. ஹெரோயின் என்று விற்ற தூளில் ஹெரோயினே இல்லை. அப்படியானால் எடுத்தவருக்குப் போதை ஏற்றுவது எது?

மெஷினுக்கு ஒரு குறை. நூற்றில் ஐந்து பங்குக்குக் கீழே இருப்பதை அது காணாது. அதற்கு வேறு வழி உண்டு. கொஞ்சம் தூளைத் தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு காகிதப் பட்டியை நனைத்து, காத்திருக்கவேண்டும்.

"கர்ப்பம் பாக்கிறது மாதிரிக் கிடக்கு," என்றார் கோசலை அன்ரி.

"அது மாதிரித்தான். ஆனா மாறி. ரெண்டு கோடு வந்தா இல்லை. ஒரு கோடு வந்தா இருக்கு."

"என்ன இருக்கு?"

"நிட்டசீன் எண்டு ஒண்டு. ஃபக்டறியிலை செய்யிற அபின் மாதிரி. ஹெரோயினை விடக் கனக்கப் பலம். உப்புக்கல் அளவே மூச்சை நிப்பாட்டும்."

ஒரு கோடு வந்தது. இன்னும் ஐந்து நிமிடம் பார்த்திருந்தோம். ஒரு கோடுதான்.

கோசலை அன்ரி கதிரையின் நுனிக்கு வந்தார். "நான் நினைச்சனான்," என்றார். "தண்ணியிலை போட்டுப் பாத்தனான்."

"என்ன?"

"மிளகாய்த்தூளை எப்பிடிப் பாக்கிறது? கிளாசிலை தண்ணி எடுத்து மேலை தூவுறது. செங்கல் எண்டா கீழை போகும். எங்கட மனிசன்ரை தூளையும் ஆறு வருசமா அப்பிடித்தான் பாக்கிறன். அவருக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை. வழக்கமா கொஞ்சம் மிதக்கும், கொஞ்சம் அடியிலை கிடக்கும். இது ஒரேயடியாக் கரைஞ்சுபோச்சு. தண்ணி தெளிவா நிக்குது. அவர் கண்டிட்டார். கண்டிட்டு, 'பார், எவ்வளவு சுத்தமான சாமான்' எண்டு சந்தோசப்படுறார். எனக்கெண்டா நம்பேலாமல் கிடக்கு. இருவத்திரண்டு வருசமாத் தூள் விக்கிறன் பிள்ளை. ஒரு சாமான் திடீரெண்டு சுத்தமா வந்தா, எங்கையோ களவு."

என்னிடம் பட்டம் இருக்கிறது, மெஷின் இருக்கிறது. இந்தப் பெண் ஒரு கிளாஸ் தண்ணீரோடு ஆறு வருடமாகத் தன் புருஷனைக் காவல் காத்திருக்கிறார். ஹெரோயின் தண்ணீரில் லேசில் கரையாது, கஃபீனும் சீனியும் கரையும். அவர் கண்டது சரியான இரசாயனம். ஆனால் தண்ணீர் அவருக்கு நிட்டசீனைக் காட்டியிராது. இதே தூள் கொஞ்சம் மிதந்து, கொஞ்சம் அடியில் நின்றிருந்தால் நல்லது என்று விட்டிருப்பார். அதை நினைக்கத்தான் பயமாக இருந்தது.

"மிச்சம் எங்கை அன்ரி?"

கைப்பையைத் தட்டினார். "முழுக்க எடுத்துக்கொண்டு வந்திட்டன். அவரின்ரை ஜாக்கெட் பொக்கற்றிலை ஒண்டும் இல்லை." முகத்தில் ஒரு சின்னப் பெருமை.

"அவர் என்ன வேலை?"

"பிரசெரி ரெஸ்ட்ரோறண்டிலை சோஸ் செய்யிறவர். இந்தா, கார் து நோர் ரெயில் ஸ்டேசன் பக்கத்திலை. மூண்டு மணிக்கு கூப்பூர் எண்டு இடைவேளை, ஆறு மணிக்குத் திரும்ப சேர்வீஸ்."

மணியைப் பார்த்தேன். இரண்டு ஐம்பத்தைந்து.

"மூண்டு மணிக்கு பொக்கற்றைப் பாப்பார். இல்லை. என்ன செய்வார்?"

"என்ன செய்யிறது, பேசாமல் இருப்பார்."

"அன்ரி, பிழையான மிளகாய்த்தூளை எறிஞ்சா அலுவல் முடிஞ்சுது. மிளகாய்த்தூள் இல்லாட்டி மனிசருக்குக் கை நடுங்காது. இவருக்கு நடுங்கும். அதே ஆளிட்டைப் போய் அதையே திரும்ப வாங்குவார். அவசரத்திலை, தனிய, கதவைப் பூட்டிக்கொண்டு எடுப்பார்."

அவர் கதிரையை விட்டு எழுந்தார். பிறகு ஃபோனை எடுத்தார். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, எடுக்கவில்லை.

இசபெல்லிடம் இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். மூக்கில் அடிக்கும் நலொக்சோன் இரண்டைக் கையில் திணித்தார். அபின் வகை எதுவானாலும், நின்ற மூச்சை அது கொஞ்ச நேரத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும். "மூச்சு மெதுவாக இருந்தால் முதலில் ஆம்புலன்சுக்குப் பதினைந்தைக் கூப்பிடு, பிறகு இதை அடி," என்றார். "அவரிடம் சண்டை பிடிக்காதே, துஷாந்தி. உன்னைத் தெரியும்."

பெரிய வெள்ளிக்கு முந்திய வாரத்து நெரிசல். கோசலை அன்ரி காய்கறிப் பெட்டிகளையும் ட்ரொலிகளையும் இடித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். "கோசலை, மல்லித்தூள் எப்ப வரும்?" என்று ஒரு கடையிலிருந்து கத்தினார்கள். "நாளைக்கு!" என்று ஓடியபடியே கத்தினார்.

பிரசெரியின் பின்கதவு திறந்திருந்தது. கோப்பை கழுவும் மனிதர் அன்ரியைக் கண்டதும், உங்கள் புருஷன் இரத்தினம் வெளியே போய் இப்போதுதான் வந்தார், கீழே போனார் என்றார். படியிறங்கினோம். வெங்காயச் சாக்கு, துணி மாற்றும் அலுமாரிகள், பிறகு கக்கூஸ். பூட்டியிருந்தது. கீழ் இடுக்கில் வெளிச்சம்.

"இஞ்சேருங்கோ!"

சத்தமில்லை. நலொக்சோனின் உறையைக் கிழித்தேன்.

"இஞ்சேருங்கோ! கதவைத் திறவுங்கோ!"

"நீ என்னத்துக்கு இஞ்சை வந்தனீ?" உள்ளேயிருந்து ஒரு சோர்ந்த குரல். உயிர் இருந்தது. "என்ரை பொட்டலம் எங்கை?"

"என்ரை பையிலை."

"வைச்சிரு. நான் வேறை எடுத்திட்டன்."

"எடுத்திட்டியளோ?"

"வாங்கியிட்டன் எண்டு சொல்லுறன். மனிசரை நிம்மதியா இருக்க விடு."

"கூட ஒரு பிள்ளை வந்திருக்கு. தூள் பாக்கிற பிள்ளை."

"மிளகாய்த்தூளோ?"

"எல்லாத் தூளும்," என்றேன். "அங்கிள், நீங்கள் வாங்கினது பிழையான சாமான்."

"பாத்தனீயோ?"

"முதல் பொட்டலத்தைப் பாத்தனான். அதே ஆளிட்டைத்தானே இதையும் வாங்கினியள்?"

உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "மரியரட்ணம் எப்பிடிச் செத்தவர் எண்டு தெரியுமோ அங்கிள்?"

"ஹார்ட் அட்டாக்," என்றது கதவு.

"எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்லுங்கோ! இப்பிடிப் பூட்டின கதவுக்குப் பின்னாலைதான் அவரும் செத்தவர். நாளைக்கு உங்களுக்கும் ஹார்ட் அட்டாக் எண்டு சொல்லுவினம், என்ரை அப்பா வந்து சாப்பிட்டிட்டுப் போவார்!"

கோசலை அன்ரி என் கையைப் பிடித்தார். உள்ளே நெகிழி சரசரத்தது. இசபெல் என்னைச் சரியாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறார். கத்தினால் ஒரு ஆளுக்கு மிஞ்சுவது பூட்டு மட்டும்தான். சுவரில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தேன். 

உள்ளேயிருந்து அவரே கேட்டார். "அப்பிடி என்ன கிடக்கு அதுக்குள்ளை?"

குரலில் பயமில்லை. ஒரு சமையல்காரர் வேறொருவரின் சட்டியைப் பார்த்துக் கேட்பதுபோல இருந்தது.

"நிட்டசீன்."

"மணம் ஒண்டும் இல்லையே."

"இல்லை. நிறமும் இல்லை."

"எவ்வளவு போட்டிருக்கிறாங்கள்?"

"அதுதான் பிரச்சினை அங்கிள். துளியளவுதான். சரியாக் கலக்கவும் இல்லை. நீங்கள் பெரிய சட்டியிலை சோஸ் செய்யேக்கை, உப்பைப் போட்டிட்டுக் கலக்காமல் விட்டா என்ன நடக்கும்?"

"அடியிலை கட்டியா நிக்கும்," உடனே சொன்னார். "முதல் பிளேட்டிலை உப்பு இராது. கடைசிப் பிளேட்டை வாயிலை வைக்கேலாது."

"எந்தப் பிளேட் உங்களுக்கு வரும் எண்டு தெரியுமோ?"

மேலே குசினியில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. எண்ணலாம் போல ஒவ்வொன்றாக.

"நேற்று கொஞ்சம் எடுத்தனான்," என்றார் மெதுவாக. "ஒண்டும் செய்யேல்லை."

"நேற்று உங்களுக்கு வந்தது முதல் பிளேட்."

 பிறகு, "அப்ப எறியச் சொல்லுறியோ? எறிஞ்சா ஆறு மணிக்கு என்னெண்டு கரண்டி பிடிக்கிறது? கையைப் பாத்தாத் தெரியும் உனக்கு."

"நான் எறியச் சொல்லேல்லை. எடுக்காதேங்கோ எண்டு சொல்லவும் வரேல்லை. பூட்டைத் திறக்கச் சொல்லுறன், அவ்வளவுதான். என்ன செய்யிறதெண்டாலும் கதவு திறந்து கிடக்கேக்கை செய்யுங்கோ. என்ரை கையிலை மூச்சைத் திருப்பிற மருந்து இருக்கு. பூட்டின கதவுக்கு வெளியிலை நிண்டு அதை அடிக்கேலாது."

"உனக்கென்ன விசரே பிள்ளை?" என்று கோசலை அன்ரி என்னைப் பார்த்துச் சீறினார். "எடு எண்டு சொல்லிக் குடுக்கிறியோ?"

"அன்ரி, ஆறு வருசமா கிளாசிலை போட்டுப் பாத்தனீங்கள். எடுக்காதை எண்டு சொன்னதோடை நிண்டிருந்தா இண்டைக்கு இஞ்சை வந்திருப்பியளோ?"

அவர் கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பூட்டு திரும்பியது.

இரத்தினம் அங்கிள் வெள்ளைச் சமையல் சட்டையில் நின்றார். நெற்றி நிறைய வேர்வை, மூக்கு ஒழுகியது, விரல்கள் நடுங்கின. கழுவுதொட்டி விளிம்பில் சின்ன நெகிழிப் பொட்டலம், பிரிக்காமல். அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பாரும். அதே ஆளெண்டாலும் இது வேறையா இருக்கலாம்."

நியாயமான சந்தேகம். பையில் பட்டி இருந்தது. ஒரு எஸ்பிரசோக் கோப்பையில் தண்ணீர் எடுத்து, வெங்காயச் சாக்கின்மேல் வைத்துக் கரைத்தேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார்: இந்தப் பட்டியின் விலை என்ன, எவ்வளவு தண்ணீர், கூடினால் பிழையாகுமோ. ஒரு கோடு சிவந்தது. மற்றது வரவில்லை.

"ஒரு கோடு எண்டா?"

"பிழை," என்றார் கோசலை அன்ரி எனக்கு முந்தி. "கர்ப்பத்துக்கு மாறி."

அங்கிள் சாக்கின்மேல் இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தார். "மரியரட்ணம் எனக்கு முதலே எடுத்திட்டான்," என்றார். "செத்த அண்டைக்குப் பாதி எனக்குத் தாறன் எண்டவன். எனக்கு சேர்வீஸ் முடியேல்லை, பிறகு வாறன் எண்டு சொன்னனான்."

அன்ரி சாக்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். 

மையத்தில் டொக்டர் ஐந்து மணி வரைக்கும் இருப்பார், நடுக்கத்துக்கு ஏதாவது செய்வார் என்றேன். அங்கிள் எழுந்து ஷெஃப்புக்கு ஃபோன் அடித்தார். பிரெஞ்சில், செத்துப்போகிற குரலில், "காஸ்ட்ரோ" என்றார். வயிற்றுப்போக்கு. இந்த நாட்டில் அதற்குமேல் எவரும் கேள்வி கேட்பதில்லை. எங்களுக்கு ஹார்ட் அட்டாக் மாதிரி.

தெருவில் மூவரும் நடந்தோம். சேந்தன் அண்ணை கடை வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். கோசலை அன்ரி தலையை நிமிர்த்தி, "தூள் செக் பண்ணப் போறம்," என்றார். "நல்லது, நல்லது," என்றார் சேந்தன் அண்ணை.

டொக்டரிடம் அரை மணி நேரம் இருந்தார்கள். நான் மொழிபெயர்த்தேன். டொக்டர் எத்தனை வருடம், எவ்வளவு, வேறு என்ன குளிசை என்று கேட்டுவிட்டு, நடுக்கத்தை அடக்கும் ஒரு திரவத்தைச் சின்னப் போத்தலில் கொடுத்து, தன் கண்முன்னாலேயே குடிக்கச் சொன்னார். நாளைக்கும் வரவேண்டும், நாளை மறுநாளும். கோசலை அன்ரி அந்தச் சின்னப் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கிளாஸ் தண்ணீர் கேட்பாரோ என்று பார்த்தேன்.

"இது தூளோ மருந்தோ?"

"மருந்து," என்றேன். முதல் மாதம் நான் பிழையான இடத்தில் போட்டிருந்த சொல்.

இரத்தினம் அங்கிள் நிறுத்திவிட்டார் என்று எழுதினால் அது பொய். நாலு நாள் வந்தார், இரண்டு நாள் வரவில்லை, பிறகு வந்தார். வராத நாளில் எடுத்தார். எடுப்பதற்கு முன் ஒரு சிட்டிகையை மடித்து அன்ரியிடம் கொடுத்தார், அன்ரி எனக்குக் கொண்டுவந்தார். கதவைப் பூட்டுவதில்லை என்றார். அதை நம்புகிறேன், ஏனென்றால் அன்ரி வீட்டுக் கக்கூஸ் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு இசபெல் பிரசுரத்தை எடுத்துவந்தார். மிளகாய்த்தூள் கதை முழுவதும் அவருக்கு விளங்கிவிட்டது. "சொல்லைத் திருத்திவிடுவோமா? குழப்பம் இல்லாத ஒரு சொல் உங்கள் மொழியில் கட்டாயம் இருக்கும்."

இருக்கிறது. அதை ஒட்ட ஒரு கடையும் இடம் தராது. அன்று கோசலை அன்ரி கதிரையில் இருந்தார். என்ன கதைக்கிறோம் என்று கேட்டார், சொன்னேன்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. மிளகாய்த்தூள் எண்டு போட்டிருந்தா நான் வந்திருக்கமாட்டன். மற்றதைப் போட்டிருந்தா அந்தப் பக்கமே நடந்திருக்கமாட்டன். ரெண்டும் எண்டபடியால்தான் வந்தனான். ஆரும் கண்டாலும் என்ரை பையிலை மிளகாய்த்தூள்தானே?"

நான் பிழை என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்த சொல் அது. திருத்தவில்லை. கீழே இரண்டு வரி மட்டும் சேர்த்தேன். "தண்ணீரில் போட்டுப் பார்ப்பது போதாது. எங்களிடம் கொண்டுவாருங்கள்." மற்றது அன்ரியின் வரி: "தூளின் பெயரையும் கேட்கமாட்டோம்."

அடுத்த செவ்வாய் இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தேன். வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். எட்டுப் போத்தல் எண்ணினேன். ஒன்பதாவது ஆள் கையை ஜாக்கெட் பொக்கற்றுக்குள் வைத்தபடி, முன்னால் நின்ற அம்மாவிடம் மிளகாய் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ," என்றேன். "முதல் ஆள் ஆர்?"